தண்டை போட்ட தாரா

என்னுடைய மச்சான் அப்துல் ஸமட் தன் வாழ்நாளில் ஒரேயொரு பொய்தான் சொன்னார் என்று நான் சத்தியம் பண்ணுவேன். அதையும் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். கெட்ட பொய்யென்றால் ஒருநாள் பிடிபடும், நாலு பேர் ஏசுவார்கள், அத்தோடு ஆள் தப்பிவிடலாம். நல்ல பொய் அப்படி விடாது. வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிடும்.

கல்முனைக்குடியில் அவருக்குத் 'தாராக் கணக்கர்' என்று பட்டம். வைத்தவன் நான்தான். என் மூத்த சகோதரி றாஹிலா றாத்தாவைக் கட்டிய காலத்தில் அவர் காட்டுத்தாராவுக்கு, அதுதான் காட்டு வாத்துக்கு, வலை போடுகிறவர். கரைவாகு வட்டை என்கிற வயல்வெளியில் விதைப்பு நடக்கும்போது, பொழுது சாய, சீழ்க்கையடித்துக்கொண்டு தாராக்கள் கூட்டமாக வயலில் இறங்கும். அவற்றை வலையில் உயிரோடு பிடித்து, பிஸ்மில்லாச் சொல்லி அறுத்து, சந்தைக்குக் கொண்டுவருவார். துவக்கால் சுட்டால் கத்தி வைக்குமுன் செத்துப்போகும். பிறகு எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் தாரா என்றால் வலைதான்.

எண்பதுகளின் கடைசியில் காரைதீவிலிருந்து புண்ணியமூர்த்தி என்றொருவர் அவரைத் தேடிவந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். தாராவைப் பிடித்து அறுக்க வேண்டாம், காலில் ஒரு வளையம் போட்டுத் திரும்ப விடவேண்டும், அதற்குச் சம்பளம் தருவேன் என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிடித்ததை விடுவதற்கும் சம்பளம் கொடுக்கிற உலகத்தில் நான் மட்டும் ஏன் சம்மாந்துறை அரிசி மில்லில் தவிட்டுத் தூசி தின்றுகொண்டிருக்கிறேன் என்று கேட்டேன்.

மச்சான் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வளையத்திலும் இங்கிலிஷ் எழுத்தும் ஒரு இலக்கமும் இருக்கும். வலைக்காரர்கள் அதைத் தண்டை என்றார்கள். தண்டை போட்ட தாரா யாருடைய வலையிலாவது விழுந்தால், அறுத்துச் சமைத்துவிட்டுத் தண்டையைக் கொண்டுவந்து மச்சானிடம் கொடுப்பார்கள். ஒரு பக்கட் தேயிலை கிடைக்கும். இத்தனை தாராவுக்குத் தண்டை போட்டோம், இத்தனை தண்டை சட்டியடியிலிருந்து திரும்பி வந்தது, இத்தனை தாரா அடுத்த போகத்தில் உயிரோடு நம் வலையிலேயே விழுந்தது. இதை வைத்து வட்டையில் உள்ள எல்லாத் தாராவிலும் வருசத்துக்கு எவ்வளவு பிழைக்கிறது, எவ்வளவு சாகிறது என்று புண்ணியமூர்த்தி கணக்குப் போடுவார்.

"ஒண்டே ஒண்டுதான் முக்கியம் காக்கா," என்று அவர் மச்சானுக்குச் சொல்வாராம். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அவரும் அப்படியே கூப்பிடுவார். "தண்டை போட்டதும் போடாததும் ஒரே மாதிரிச் சாகவேணும். அதில வித்தியாசம் வந்தா என்ட கணக்கு குப்பை."

பிறகு தொண்ணூறாம் வருசச் சண்டை வந்தது.

அஸ்மீர்தான் றாத்தாவின் ஒரே பிள்ளை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மருதமுனைத் தறிக்காரர்களுக்கு நூல் எடுத்துவர மட்டக்களப்புக்கு ஒரு லொறியில் போனான். வழியில் ஆயுதக்காரர் மறித்து ஆட்களை இறக்கினார்கள் என்று கேள்வி. லொறி வரவில்லை. போனவர்கள் வரவில்லை. மையத்து என்று ஒன்று வந்திருந்தால் அழுது, அடக்கி, கத்தம் ஓதி, ஒரு வழியாக மனசைத் தேற்றலாம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததால் றாத்தா அவன் ஹயாத்தோடு இருக்கிறான் என்று பிடித்துக்கொண்டாள். செத்திருந்தால் செய்தி வராமல் இருக்குமா என்பது அவளுடைய வாதம். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. மச்சான் மகனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அதுதான் றாத்தாவுக்குப் பெரிய குறை. பெற்ற தகப்பன் ஒரு துஆக்கூட வாய்விட்டுக் கேட்கவில்லையே என்று என்னிடம் எத்தனையோ தரம் அழுதிருக்கிறாள்.

அந்த வருசத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் இடையில் ஆள் போக்குவரத்து அறுந்துபோயிற்று. அவர்கள் எங்களைக் கண்டால் பயந்தார்கள், நாங்கள் அவர்களைக் கண்டால் பயந்தோம். தொண்ணூற்று மூன்றில் புண்ணியமூர்த்தி மெல்ல ஆள் அனுப்பி, வேலையைத் திரும்பத் தொடங்குவோமா என்று கேட்டார். மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தமிழ் ஆட்களிடம் போய் என்ன தாரா வேண்டிக்கிடக்கிறது என்று கத்தினேன்.

"வீட்டுல இருந்தா அவள்ட முகத்தப் பாக்க ஏலாமக் கிடக்கு மச்சான்," என்றார்.

பொய் பிறந்தது அதற்கு அடுத்த வருசம். எங்கள் தெருவில் றம்ஸீன் என்றொரு வலைக்காரன். ஒரு தண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மச்சானிடம் கொடுக்க வந்தவனைச் சம்மாந்துறை வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள். எழுத்தும் இலக்கமுமாக ஒரு வளையம்! யாருடைய அடையாளம், யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார்கள். தாராவின் கால் வளையம் என்று அவன் சொன்னதை யார் நம்புவார்கள்? என்னைக் கேட்டால் நானே நம்பமாட்டேன். மச்சானும் புண்ணியமூர்த்தியும் அலையாத இடமெல்லாம் அலைந்து அவனை மீட்டுக்கொண்டு வந்தபோது அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் றம்ஸீன் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். வலைக்காரர்கள் எல்லோரும் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் இருந்தேன்.

"ஸமட் காக்கா, இனித் தண்டை ஆப்பிட்டா நாங்க என்ன செய்யிற? எறியிறதா? எறிஞ்ச இடத்துல ஆமிக்காரன் கண்டெடுத்தா?"

மச்சான் றம்ஸீனின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கழட்டாதீங்க. கையாலயும் தொடாதீங்க. நான் போடுற தண்டையெல்லாம் இப்ப நேர்ச்சை. என்ட மகனுக்காகக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ந்து உடுறன். வலையில ஆப்பிட்டா அறுக்காமப் பறக்க உட்டிருங்க."

காணாமற்போன மகனுக்காக ஒரு தகப்பன் நேர்ந்துவிட்ட உயிரில் யார் கத்தி வைப்பார்கள்? பள்ளிவாசலுக்கு நேர்ந்த கிடாயும் சேவலும் தெருவில் அலைந்தால் கல்லெடுத்து எறியாத ஊர் இது. வெளியே வந்ததும் நான் அவரைக் கேட்டேன். எந்த நேர்ச்சையும் இல்லை, ஒருத்தனும் சட்டைப் பையில் தண்டையோடு சோதனைச்சாவடிக்குப் போகக்கூடாது என்று வாயில் வந்ததைச் சொன்னேன் என்றார். கெட்டிக்காரர் என்று முதுகில் தட்டினேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஊரில் கதை பரவ நேரமா வேண்டும்? மூன்று மாதத்தில் தண்டைத் தாராவை அறுத்தவனுக்கு வயிறு வீங்கியது, வலையிலிருந்து விட மறுத்தவனின் உழவு மெசின் வாய்க்காலுக்குள் விழுந்தது என்றெல்லாம் கதை கட்டிவிட்டார்கள். கதை தமிழ் ஆட்களின் வீரமுனைக்கும் போயிற்று. அங்கேயும் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் நிறைய. பிள்ளை காணாமற்போன சோனக மனுசன் நேர்த்தி வைத்து விட்ட பறவை என்று அவர்களும் தொடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து விட்டார்களாம். அந்த நாளில் நாங்கள் அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போகமாட்டோம், அவர்கள் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டார்கள். ஆனால் தண்டைத் தாராவை இரண்டு பக்கமும் விட்டன.

கதை றாத்தாவின் காதுக்கும் வந்தது. நான் வீட்டுக்குப் போன நேரம் அவள் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாலு வருசத்தில் நான் அவளிடம் காணாத ஒரு சந்தோசம் முகத்தில் இருந்தது.

"நீங்க மறந்திட்டீங்க எண்டு நினைச்சிட்டன்," என்றாள் அவரிடம். "மனசுக்குள்ள நேர்ந்து வைச்சிட்டு ஒரு சொல்லுச் சொல்லல்லையே."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வலைக்காரர்கள் தண்டைத் தாரா விழுந்தால் நேரே றாத்தாவிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவள் அதற்கு நெல் வைப்பாள், தண்ணீர் வைப்பாள், நெஞ்சோடு அணைத்துத் துஆக் கேட்டு முற்றத்தில் பறக்கவிடுவாள். அடுத்த போகத்தில் அதே தாரா திரும்ப விழும். மச்சான் இலக்கத்தைப் பார்த்து, ஓம், போன வருசம் நீ விட்டதுதான் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டாள்.

"பாத்தீங்களா? உசிரோட இரிக்கு. அவனும் எங்கயோ இரிக்கான்."

இப்படி அவள் சொல்லும்போதெல்லாம் மச்சான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போவார். அவர் மெலிந்துகொண்டே வந்தார். கண்டவர்கள் எல்லாம் சீனி வியாதியோ என்று கேட்டார்கள்.

இதற்கிடையில் தாரா குறைந்துகொண்டே போனது. கடலுக்குப் போக அடிக்கடி தடை. மீன் இல்லாத வீட்டில் தாராதான் கறி. முன்பு வலை போடாதவனெல்லாம் வலை போட்டான். அஸர் தொழுகை முடிந்து வட்டைப் பக்கம் பார்த்தால் முந்திய காலத்தில் வானம் கறுக்கும்; இப்போது அங்கொன்றும் இங்கொன்றும். விழுகிறவற்றில் தண்டை இல்லாததெல்லாம் சட்டிக்குப் போயிற்று. தண்டை உள்ளது வானத்துக்குப் போயிற்று.

தொண்ணூற்று ஏழில், பெரும்போக விதைப்புக்கு முன், புண்ணியமூர்த்தி மச்சானின் வீட்டுக்கே வந்தார். தொண்ணூறுக்குப் பிறகு அதுதான் முதல் தரம். ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்திருந்தார். அன்று லீவென்று நானும் அங்கே இருந்தேன். முகம் முழுக்கச் சிரிப்போடு கதிரையில் உட்கார்ந்தார்.

"காக்கா, நல்ல செய்தி. சட்டியடியில இருந்து ஒரு தண்டையும் திரும்பி வாறதில்ல. நம்மட வலையில விழுறதில அரைவாசி பழைய தண்டை. சாவு குறைஞ்சிட்டு. இந்தச் சண்டைக்குள்ளயும் தாரா நல்லாத்தான் பிழைக்குது. பாக்கிற கண்ணுக்குக் குறைஞ்ச மாதிரித் தெரியுதுதான். ஆனா முந்திப் போன குளங்களுக்கு நமக்கு இப்ப போக ஏலாது, அங்க இரிக்கும்."

விதைநெல்லைத் தாரா தின்கிறது என்று வயல்களை மேற்பார்க்கிற வட்டை விதானைமார், அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். விதைப்புக் காலம் முழுக்கப் பெரிய வலை கட்டி, மருந்தும் வைத்துத் தாராவை ஒழிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தாரா தாங்குமா என்று கச்சேரி புண்ணியமூர்த்தியைக் கேட்டிருந்தது. தாங்கும் என்று சொல்லப் போகிறேன், வருகிற கிழமை போகிறேன் என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "தண்டை வராததுக்கு ரெண்டு காரணம் இரிக்கலாம் காக்கா. ஒண்டு, தாரா சாகல்ல. மற்றது, செத்தும் நமக்கு ஒருத்தரும் சொல்லல்ல. எது எண்டு கணக்குக்குத் தெரியா, ஆக்களத்தான் கேக்கவேணும். றம்ஸீன்ட பிரச்சினைக்குப் பிறகு ஆராவது பயத்தில தண்டையை மறைக்கிறாங்களா?"

"இல்ல சேர்," என்றார் மச்சான். "ஒருத்தரும் மறைக்கல்ல."

அது பொய்யில்லைதான். ஆனால் கதவுக்குப் பின்னால் றாத்தா தேத்தண்ணியோடு நின்றாள். இவ்வளவு காலமும் தன் காதுக்கு எட்டாத நேர்ச்சைக் கதையைத் தொடங்கினால் புண்ணியமூர்த்தி, எப்போது நேர்ந்தீர்கள், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தோண்டுவார். மச்சான் பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர் நான் வேலை செய்கிற மில்லுக்கு வந்தார். நெல் மூட்டைகளுக்கு இடையில் நின்று, தான் சொல்லாவிட்டால் மிச்சத் தாராவும் இந்தப் போகத்தோடு முடிந்துவிடும் என்றார். சொன்னால் வலைக்காரர்கள் வழியாக ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் றாத்தாவுக்குத் தெரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாராவுக்காக என்ட றாத்தாவக் கொல்லப் போறீங்களா? அவள் அந்த ஒண்டுலதான் உசிரப் பிடிச்சிக்கிட்டு இரிக்காள்!" என்று மெசின் சத்தத்துக்கு மேலால் கத்தினேன். தாராவுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? இன்றைக்குக் கேட்டாலும் நான் றாத்தாவின் பக்கம்தான்.

"பள்ளிட பேரச் சொல்லி, புள்ளைட பேரச் சொல்லிப் பொய் சொன்னவன் நான்," என்றார் அவர். "அவள் அந்தத் தாராவக் கட்டிப்பிடிச்சி அழக்குள்ள எனக்கு நெருப்புல நிக்கிற மாதிரி இரிக்கு. வேற ஆரும் சொல்லி அவளுக்குத் தெரியப்படா. நான்தான் சொல்லணும். நீயும் வா."

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். றாத்தா குசினியில் சுளகோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் அவளுக்கு எதிரே நிலத்தில் குந்தினார். நான் வாசலில் நின்றேன். சுற்றிவளைக்காமல் சொன்னார். நான் நேரவில்லை, றம்ஸீனுக்கு வந்தது இன்னொருவனுக்கு வரக்கூடாது என்று சொன்ன பொய், பிறகு உன் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்ல முடியவில்லை. தாரா பிழைத்தது பள்ளியின் பரக்கத்தால் இல்லை, ஊராட்கள் அறுக்காமல் விட்டதால். புண்ணியமூர்த்தி சேரின் கணக்கும் அதனால் பிழையாகிவிட்டது.

றாத்தா சுளகைக் கீழே வைத்தாள். கத்துவாள், நெஞ்சில் அடிப்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"அப்ப தண்டை போட்டதெல்லாம் தப்பிச்சிட்டு," என்றாள்.

"ஓம்."

"போடாதது?"

மச்சான் நிலத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கினார்.

"சொல்லுங்க. போடாதது?"

"செத்துப்போச்சு றாஹிலா. கன தாரா செத்துப்போச்சு. ஒருத்தரும் கணக்கு வைக்கல்ல."

"என்ட புள்ளைக்கு ஆரு தண்டை போட்ட?"

இதைக் கேட்டதும் மச்சான் முகத்தைப் பொத்திக்கொண்டுவிட்டார். நான் கண்டு ஏழு வருசத்தில் அவர் மகனுக்காக அழுதது அன்றைக்குத்தான். றாத்தா அழவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சேர்ட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள். "இருட்ட முந்திப் போங்க. பிறகு பள்ளிக் கத்தீபையும் கண்டு, நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு அவனுக்கு காயிப் ஜனாஸாத் தொழுவிக்கச் சொல்லுங்க."

மையத்து கையில் கிடைக்காதவர்களுக்குத் தொழுவிக்கிற தொழுகை அது. தொண்ணூறில் எத்தனையோ வீடுகள் தொழுவித்துவிட்டன. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவிட்டதில்லை.

காரைதீவுக்கு நானும் கூடப் போனேன். புண்ணியமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏசவில்லை. "உங்கட நேர்ச்சையால கொஞ்சத் தாராவாவது உசிரோட இரிக்கு காக்கா," என்றார். "ஆனா மற்றதுகளப் பற்றி எனக்கு இனி ஒண்டும் தெரியாது. கச்சேரியில அதைத்தான் சொல்லவேணும்." சொல்லவும் செய்தார். தெரியாது என்கிற பதில் எந்த அரசாங்கக் கந்தோருக்கும் பிடிப்பதில்லை; அவரிடம் முகத்தைச் சுழித்தார்களாம். அந்தப் போகத்துக்கு அனுமதி நின்றுபோனது. அடுத்த போகத்துக்கு வேறு யாரையாவது கேட்பார்கள். தண்டைத் தாராவையும் இப்போது அறுக்கிறார்கள் என்று கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கத்தீப் அறிவித்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பெயர் கேட்டபோது மச்சானுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன். தொழுது முடிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். றம்ஸீன் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு நின்று அழுதான். அவன் செத்தது எப்போது தெரியவந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாரும் திடுக்கிடவில்லை.

நான் முதலில் வீட்டுக்கு வந்தேன். றாத்தா கதவடியில் நின்றாள்.

"கன ஆக்கள் நிண்டாங்களா?"

"பள்ளி நிறைய, றாத்தா. வெளிய வீதியிலயும் நிண்டாங்க," என்றேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப ஊருக்கெல்லாம் தெரிஞ்சிதான் இரிந்திரிக்கு," என்றாள். "எனக்குத்தான் ஒருத்தரும் வந்து சொல்லல்ல."